மரத்த நாக்கு

ஜூன் 3, செவ்வாய்

வலது தாடை மறுபடியும் வீங்கிவிட்டது. கிராம்புத் தைலம் வைத்துப் பாருங்கள் என்றாள் ஹெப்சி. கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்தும் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது என் மனைவிக்கு மறந்துபோகிறது. தேயிலை ருசி பார்ப்பவன் வாயில் கிராம்புத் தைலமா? பச்சை வெங்காயம் தின்னாமல், வெற்றிலை தொடாமல், சட்டையில் சென்ட் அடிக்காமல் காப்பாற்றி வந்த நாக்கு இது. எங்கள் கம்பெனி வழியாகக் குன்னூர் ஏலத்துக்குப் போகும் ஒவ்வொரு தேயிலைக்கும் இந்த நாக்குதான் மதிப்புப் போடுகிறது.

சாயங்காலம் குன்னூர் பெட்ஃபோர்டில் இருக்கும் பல் டாக்டரிடம் போனேன். படம் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கீழ்த்தாடையின் இரண்டு கோடியிலும் ஞானப்பல் வெளியே வராமல் எலும்புக்குள்ளேயே படுத்துக் கிடக்கிறதாம். வலதுபக்கப் பல்லைச் சுற்றி நீர்க்கட்டி, இடதுபக்கம் சீழ். விட்டுவைத்தால் கட்டி எலும்பைத் தின்றுவிடும், ஒருநாள் தாடையே முறியலாம் என்றார். இதில் நான் கை வைக்க மாட்டேன், கோவையில் இதற்கென்றே படித்த டாக்டர் மெஹருன்னிசா இருக்கிறார், அவரிடம் போங்கள் என்று சீட்டெழுதிக் கொடுத்தார். தன்னால் முடியாது என்று ஒத்துக்கொள்கிற டாக்டரை நான் பார்த்ததில்லை. இவருக்கும் அந்தக் கோவை டாக்டருக்கும் என்ன ஏற்பாடோ.

ஐம்பத்து நாலு வயதில் ஞானப்பல்லா என்று ஹெப்சிக்கு ஒரே சிரிப்பு.

ஜூன் 5, வியாழன்

ஆபீசில் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் போஜனுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

போஜன் எனக்கு அடுத்த இடத்தில் இருப்பவன். படகர், கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில், அதாவது அவர்கள் கிராமத்தில் வீடு. நாற்பதை நெருங்குகிறான். கொச்சியில் பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு இரண்டு வருடம் முன்பு இங்கே வந்து சேர்ந்தான். கொச்சியை விட்டுவிட்டு எவனாவது குன்னூருக்கு வருவானா? என்னுடைய இடத்தைத் தவிர இங்கே அவனுக்கு ஆகவேண்டியது என்ன இருக்கிறது?

வீங்கிய கன்னத்தைப் பார்த்து, பல்லா சார் என்று கேட்டான். சும்மா சளி என்றேன். கோவையில் மெஹருன்னிசா என்று ஒரு டாக்டர் இருக்கிறார், என் அக்காவுக்கு அவர்தான் எடுத்தார், நல்ல கை என்றான். கேட்காமலே சொன்னான். அதே பெயர். இரண்டு நாளுக்குள் இரண்டு வாயிலிருந்து ஒரே பெயர் வந்தால் நான் என்ன நினைப்பது?

ஜூன் 7, சனி

கோவை. டாக்டர் மெஹருன்னிசாவுக்கு நாற்பது வயதிருக்கும். தாடையைப் பல கோணத்தில் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் திருப்பித் திருப்பிக் காட்டினார். பல் நிற்கவில்லை, கிடக்கிறது. எலும்பைக் குடைந்து, பல்லைத் துண்டு துண்டாக வெட்டித்தான் எடுக்க வேண்டுமாம். என்ன தொழில் என்று கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்ப ரெண்டையும் ஒரே நாள்ல எடுக்க வேண்டாம் சார். நாக்குக்குப் போற நரம்பு பல்லுக்கு உள்பக்கமா ஒட்டியே போகுது. வலது பக்கம் முதல்ல எடுப்போம். உணர்ச்சி சரியா இருக்கான்னு பாத்துட்டு, அப்புறமா இடது பக்கம் போவோம். நீங்க நாக்கை வச்சுப் பொழைக்கிறவரு."

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு ஆபரேஷன் என்றால் இரண்டு முறை லீவு. இரண்டு முறை லீவு என்றால் இரண்டு முறை போஜன் என் இடத்தில் நின்று மதிப்புப் போடுவான். முதல் முறை மேனேஜர் குரியன் சாருக்கு அது பழகும், இரண்டாம் முறை பிடித்துப்போகும். எடுத்தால் இரண்டையும் சேர்த்து எடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டாக்டர் இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். இந்தம்மா ஏன் இரண்டு தடவை வரவழைக்கப் பார்க்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. கடைசியில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

ஹெப்சியும் கூட வந்திருந்தாள். திரும்பும் பஸ் மலையேறிப் பர்லியார் தாண்டியபோது, உங்களுக்கு யார்மேல்தான் நம்பிக்கை என்று கேட்டாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

குரியன் சாரிடம் லீவு கேட்டேன். போஜன் பார்த்துக்கொள்வான், நிம்மதியாகப் போய் வாருங்கள் என்றார். நிம்மதியாகவாம்.

ஜூன் 14, சனி

இன்று ஆபரேஷன். மயக்க மருந்து கொடுக்கும்வரை அந்த அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். அப்புறம் ஒன்றும் தெரியாது. இதைப் படுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

ஜூன் 16, திங்கள்

முகம் பலாப்பழம் மாதிரி இருக்கிறது. ஐஸ்கிரீமும் ஆறிய கஞ்சியும். ஐஸ்கிரீமில் சில்லிப்புகூடத் தெரியவில்லை. வீக்கம்தான் காரணம்.

ஜூன் 21, சனி

தையல் பிரித்தார்கள். டாக்டர் மெஹருன்னிசா பஞ்சால் கீழுதட்டைத் தொட்டார், குச்சியால் நாக்கின் இரண்டு பக்கமும் தொட்டார். கண்ணை மூடிக்கொண்டு, எங்கே தொடுகிறேன் என்று சொல்லுங்கள் என்றார். உதடு தெரிந்தது. நாக்கில் அவர் எப்போது தொட்டார், எப்போது எடுத்தார் என்றே எனக்குத் தெரியவில்லை.

நரம்பு அறுபடவில்லை, நசுங்கியிருக்கிறது, வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பிவிடும் என்றார். திரும்பாமலும் போகுமா என்று கேட்டேன். ரொம்ப அபூர்வமாக என்றார். எச்சரித்தேன் அல்லவா என்று அவர் சொல்லிக்காட்டியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அவர் சொல்லவில்லை.

வெளியே காத்திருந்த ஹெப்சியிடம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். இவளுக்குச் சொன்னால் ரிட்டயர் ஆகிவிடுங்கள் என்று ஆரம்பிப்பாள். பயமாக இருக்கிறது. இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன், மிகவும் பயமாக இருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

வேலைக்குப் போய்விட்டேன். டாக்டர் இன்னும் ஓய்வு எடுக்கச் சொன்னார். இன்னும் ஓய்வெடுத்தால் திரும்பிப்போக இடம் இருக்காது.

எங்கள் அறையில் வேலை நடக்கும் விதம் இது. நீள மேசைமேல் வெள்ளைக் கோப்பைகளில் ஒவ்வொரு தொழிற்சாலையின் தேயிலையும் வடித்து வரிசையாக வைத்திருப்பார்கள். போஜன் முன்னால் போவான். ஒரு கரண்டி எடுத்து, சத்தம் வர உறிஞ்சி, வாய் முழுக்கச் சுழற்றி, தொட்டியில் துப்புவான். நான் பின்னாலேயே அதே கோப்பையை ருசி பார்த்து, குணமும் மதிப்பும் உரக்கச் சொல்வேன். நான் சொல்வதுதான் ஏலத்துக்குப் போகும். வரிசை முடிந்தபிறகு போஜன் தன் கருத்தைச் சொல்வான். அதுவரை முகத்தில் ஒன்றுமே காட்டக் கூடாது. புருவம் ஏறினாலும் உதடு சுளித்தாலும் பின்னால் வருகிறவனின் மனசு கெட்டுவிடும். இதில் குரியன் சார் மகா கண்டிப்பு. முகத்தை அடக்கத் தெரியாத இரண்டு பேரை ஏற்கெனவே அனுப்பியிருக்கிறார்.

இன்று நிறம் கண்ணுக்குத் தெரிந்தது, மணம் மூக்குக்குத் தெரிந்தது. ஆனால் தேயிலையின் உயிர் துவர்ப்பில் இருக்கிறது. நாக்கைக் கவ்விப் பிடிக்க வேண்டும், பிடித்த வேகத்தில் விட வேண்டும். எனக்கு வாயில் வெறும் தண்ணீர் போய் வந்தது. பழைய நினைவை வைத்து, எந்தத் தொழிற்சாலை வழக்கமாக எப்படி இருக்கும் என்று ஒப்பேற்றினேன். நான் ஒரு படி குறைத்துச் சொன்னால் அந்தத் தொழிற்சாலைக்கு இலை கொடுக்கிற சின்ன விவசாயியின் வயிற்றில் அடித்த மாதிரி. தெரிந்தேதான் ஒப்பேற்றினேன்.

வீட்டில் குழம்பு நன்றாக இருக்கிறது என்றேன். ஹெப்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் உப்புக் கிண்ணத்தை எடுத்துத் தன் தட்டில் மட்டும் போட்டுக்கொண்டாள்.

ஜூன் 26, வியாழன்

நாக்கில் கொப்புளம். சூடு தெரியாமல் குடித்திருக்கிறேன். பல் தேய்க்கும்போது ஹெப்சி பார்த்துவிட்டாள். பல் கடித்துவிட்டது என்றேன்.

ஜூலை 1, செவ்வாய்

இன்று ஒன்று கண்டுபிடித்தேன். போஜனால் முகத்தை அடக்க முடியவில்லை!

நல்ல கோப்பை வந்தால் அவனுடைய இடது புருவம் லேசாக ஏறுகிறது. மட்டமானது என்றால் மூக்கோரம் சுருங்குகிறது. நடுத்தரம் என்றால் ஒன்றுமில்லை. முதலில் தற்செயல் என்று நினைத்தேன். வரிசையின் பாதியில் நிச்சயமாகிவிட்டது. இரண்டு வருடமாகக் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தவன் இப்போது இப்படி ஆகிவிட்டான். நான் இல்லாத நாட்களில் தானே ராஜா என்று இருந்திருக்கிறான், கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது.

எனக்கென்ன. புருவத்தைப் பார்த்தேன், மூக்கைப் பார்த்தேன், மதிப்புச் சொன்னேன். வரிசை முடிந்து அவன் கருத்தைக் கேட்டபோது அநேகமாக எல்லாம் ஒத்துப்போயிற்று. தேவசகாயம் பழையபடி ஆகிவிட்டார் என்று குரியன் சார் என் தோளில் தட்டினார். போஜனுக்குத் தன் முகம் தன்னைக் காட்டிக்கொடுப்பது தெரியாது. சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

அதேபோலத்தான். என் வேலை சுலபமாகிவிட்டது. ஒரு கோப்பையில் நான் சரியாகக் கவனிக்கவில்லை. அவன் தும்முவதுபோல நின்று, திரும்ப ஒரு கரண்டி எடுத்துக் குடித்துப் புருவத்தை ஏற்றினான். ஒரே கோப்பையை இரண்டு முறை குடிக்கிற அளவுக்கு அவனுக்குத் தன்மேலேயே நம்பிக்கை போய்விட்டது போலிருக்கிறது.

ஜூலை 11, வெள்ளி

ஹெப்சி பின்பக்கம் துணி காயப்போடும் இடத்தில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அப்புறம் பேசுறேன் என்று வைத்துவிட்டாள். சர்ச் அக்கா என்றாள். அவள் குளிக்கப் போனபோது போனை எடுத்துப் பார்த்தேன். போஜன். இன்று மட்டுமல்ல, ஜூன் கடைசியிலிருந்து எத்தனையோ முறை.

தப்பாக எதுவும் நினைக்கவில்லை, அவள் அப்படிப்பட்டவள் இல்லை. ஆனால் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கொப்புளத்தை அவள் பார்த்தாள். அவனிடம் சொல்லியிருக்கிறாள். நான் ரிட்டயர் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை, என் இடம் அவனுடைய ஆசை. அடிமடியிலேயே கை வைத்துவிட்டார்கள். இரண்டு பேரிடமும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

சர்ச்சில் பாட்டின் நடுவில் நாக்கின் ஓரம் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்ததும் நெல்லிக்காய் ஒன்றைக் கடித்தேன். புளித்தது. அப்புறம் துவர்த்தது. வாய் முழுக்கக் கவ்வியது. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

நேற்றும் இன்றும் வரிசையில் என் நாக்கையே நம்பி மதிப்புச் சொன்னேன். பலவீனமாகத்தான் இருக்கிறது, ஆனால் இருக்கிறது. போஜனின் முகம் இன்னும் கூத்து காட்டிக்கொண்டுதான் இருந்தது. இனி எனக்கு அது வேண்டாம்.

வேலை முடிந்ததும் குரியன் சார் அறைக்குப் போனேன். கொஞ்ச நாளாகப் போஜன் முகத்தில் எல்லாம் தெரிகிறது, பின்னால் வருகிற எனக்குத் தொந்தரவாக இருக்கிறது என்றேன். பொய்யா சொன்னேன்? நீங்களே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று பாருங்கள் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

ஜூலை 17, வியாழன்

குரியன் சார் நின்று பார்த்தார்.

ஜூலை 18, வெள்ளி

போஜனை ருசி வேலையிலிருந்து எடுத்து, கொச்சிக் கிளையில் கிடங்குப் பொறுப்புக்கு மாற்றிவிட்டார்கள். பதினைந்து நாளில் போய்ச் சேர வேண்டும். எல்லோர் முன்னாலும் உத்தரவைப் படித்தார்கள். ஏன் இப்படி, இதற்கு முன் நீ நன்றாகத்தானே இருந்தாய் என்று குரியன் சார் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம், கவனக்குறைவு சார் என்றான்.

அவன் அப்படிச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. வேறு ஏதாவது சொல்வான், என்னை இழுத்துவிடுவான் என்று பதில் தயார் செய்து வைத்திருந்தேன்.

ஜூலை 19, சனி

மத்தியானச் சாப்பாட்டின்போது ஹெப்சியிடம் சொன்னேன். உன் தோழனைக் கொச்சிக்கு மாற்றிவிட்டார்கள் என்று வேண்டுமென்றே அப்படித்தான் சொன்னேன். அவள் எப்படி முழிக்கிறாள் பார்க்கலாம் என்று காத்திருந்தேன். எதற்காக என்று கேட்டாள். முகத்தை அடக்கத் தெரியாததற்காக என்றேன். யார் சொன்னது என்று கேட்டாள். நான்தான் என்றேன்.

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"உப்பே போடாம ஒரு நாள் குழம்பு வச்சேன். நல்லாருக்குன்னு சாப்பிட்டீங்க. அப்பவே எனக்குத் தெரியுங்க. நாக்கு வெந்துபோயிருந்துச்சு, அதுகூட உங்களுக்குத் தெரியல. கேட்டா சொல்ல மாட்டீங்க. நான்தான் போஜன்கிட்ட அழுதேன். எப்படியாவது இவர் வேலையைக் காப்பாத்துங்கன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். அவர் தெரியாமலா முகத்தைக் காட்டினாரு? உங்களுக்குத் தெரியணும்னுதான் காட்டினாரு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை. போஜனின் அப்பா பக்கவாதத்தில் படுத்து இரண்டு வருடம் ஆகிறதாம். அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் கொச்சி வேலையை விட்டு வந்தானாம். இது ஆபீசில் எல்லோருக்கும் தெரியுமாம், உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்டாள். நான் அவனிடம் ஒரு நாளும் கேட்டதில்லை.

இன்று சாப்பாட்டில் உப்பு சரியாக இருந்தது. நன்றாகத் தெரிந்தது.

ஜூலை 20, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. ஹெப்சி மட்டும் போனாள்.

இந்தப் புத்தகத்தை முதலிலிருந்து படித்தேன். ஜூலை 8-ஐ இரண்டு முறை படித்தேன். தும்முவதுபோல நின்று, திரும்பக் குடித்து, எனக்காகக் காத்திருந்து புருவத்தை ஏற்றியிருக்கிறான். நான் அவனைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

நாக்கு சரியாகிவிட்டது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் ஒருவருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. போஜன் சொல்ல மாட்டான். சொல்வதாக இருந்தால் வெள்ளிக்கிழமையே சொல்லியிருப்பான். ஹெப்சியும் சொல்ல மாட்டாள். அவள் காலையிலிருந்து என்னைப் போய்ச் சொல்லுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஜூலை 21, திங்கள்

குரியன் சாரிடம் சொல்லிவிட்டேன். நாக்கு மரத்தது, மறைத்தது, போஜனின் முகத்தைப் பார்த்து மதிப்புப் போட்டது, நாக்கு திரும்பியதும் அவனைக் காட்டிக்கொடுத்தது, எல்லாம். நின்றுகொண்டேதான் சொன்னேன். அவர் உட்காரச் சொல்லவில்லை.

முதலில் அவர் கேட்டது அந்த ஜூன் 24 வரிசையைப் பற்றி. அன்றைக்குப் போஜன் முகமும் காட்டவில்லையே, நீங்கள் எதை வைத்துச் சொன்னீர்கள் என்றார். நினைவை வைத்து என்றேன். அந்த வாரம் போஜன் சொன்ன மதிப்புகளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஏழு தொழிற்சாலைகளுக்கு நான் குறைத்துச் சொல்லியிருந்தேன். அவர்களிடம் நான் என்ன சொல்வேன் என்று கேட்டார்.

போஜனின் மாற்றல் ரத்து. நான் இனி மதிப்புச் சொல்லக் கூடாது. ஓய்வு பெறும்வரை குறிப்பெழுதும் வேலை.

வெளியே வந்து போஜனைத் தேடிப் போனேன். மாதிரிப் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், நீ கொச்சிக்குப் போக வேண்டாம் என்றேன். மன்னிப்பும் கேட்டேன். கடைசிப் பொட்டலத்தையும் அடுக்கிவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் சார்."

அவ்வளவுதான் சொன்னான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஜூலை 26, சனி

டாக்டர் மெஹருன்னிசாவிடம் போய்க் காட்டினேன். குச்சியால் தொட்ட இடமெல்லாம் சரியாகச் சொன்னேன். அவருக்கு என்னைவிடச் சந்தோஷம். இனி பழையபடி வேலை பார்க்கலாம் சார் என்றார். ஆமாம் டாக்டர் என்றேன். வழியில் ஹெப்சி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஜூலை 29, செவ்வாய்

இன்று போஜன் என் இடத்தில் நின்றான். முன்னால் போகப் புதிதாக ஒரு பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். நான் அட்டையும் பேனாவுமாக அவன் பக்கத்தில் நடந்தேன்.

ஒரு கரண்டி உறிஞ்சுவான், சுழற்றுவான், துப்புவான், சொல்வான். நான் எழுதுவேன். என் காலை வணக்கத்துக்குத் திருப்பி வணக்கம் சொன்னான். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. நடுவில் ஒரு கோப்பையிலிருந்து எழுந்த மணத்தில் எனக்கே நின்று பார்க்கத் தோன்றியது, அத்தனை நல்ல தேயிலை. பழக்கதோஷத்தில் அவன் புருவத்தைப் பார்த்தேன். அது அசையவில்லை. வரிசையின் கடைசிவரை பார்த்துக்கொண்டே போனேன். எனக்குக் காட்டுவதற்கு அந்த முகத்தில் இனிமேல் எதுவும் இல்லை.

அடுத்த கோப்பையின் எண்ணைச் சொன்னான். எழுதிக்கொண்டேன்.